அச்சுப் பக்கமும் திரைப் பக்கமும்: வடிவமைப்புச் சொற்கள் சில

எழுதுவோருக்கும் படிப்போருக்கும் இடையே பக்கம் என்றொன்று இருக்கிறது. கருத்து எத்துணைச் சிறந்ததாயினும் அது பக்கத்தின் வழியாகவே படிப்போரைச் சென்றடைய வேண்டும். அப்பக்கத்தில் எழுத்தையும் படத்தையும் வெற்றிடத்தையும் முறைப்பட அமைக்கும் தொழிலையே வரைகலை வடிவமைப்பு என்கிறோம். இத்தொழிலுக்கெனத் தனிச்சொற்கள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை உரோமன் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சிட்டவர்கள் தம் பட்டறைகளில் வழங்கிய சொற்கள். கணிப்பொறி வந்தபோது ஈயம் போயிற்று, சொற்கள் தங்கிவிட்டன. அச்சொற்களின் பொருளை அறிவதோடு, அவை தமிழ் எழுத்துக்கு எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று ஆராய்வதும் தமிழ் பயில்வோர் கடனாகும். பொருந்தாத அளவை அப்படியே எடுத்து அணிந்துகொண்டால் துன்புறுவது தமிழ் எழுத்தும் அதைப் படிக்கும் கண்ணுமே.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மாணவர்கள் இச்சொற்களைக் கற்கப் பாடநூலைத் தேடி அலைய வேண்டியதில்லை. துறைமுகச் சாலையில் வரிசையாய் நிற்கும் சரக்குப் பெட்டகங்களை ஒருமுறை உற்று நோக்கினால் போதும். ஒவ்வொரு பெட்டகத்தின் மீதும் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், அவற்றை அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம். இவற்றின் உயரம் 100 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பதும், பெட்டகத்தின் நிறத்தினின்று வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதும் உலகத் தர விதி. வடிவமைப்பாளர் 'அளவு' என்றும் 'நிறமுரண்' என்றும் கூறுவன இவ்விரண்டுமே. எழுத்தின் அழகைப் பற்றி அவ்விதி ஒன்றும் பேசுவதில்லை. பாரந்தூக்கியை இயக்குபவர் தொலைவிலிருந்து பிழையின்றிப் படிக்க வேண்டும், அவ்வளவே அதன் கவலை.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் ஊடே ஒரு கிடைக்கோடும் வரையப்பட்டிருக்கும். பிளிம்சால் குறி என வழங்கும் அது, சரக்கை ஏற்றும்போது கப்பல் எவ்வளவு ஆழம் அமிழலாம் என்பதைக் காட்டுவது. வட்டத்தின் வெளிவிட்டம் 300 மில்லிமீட்டர். கோட்டின் நீளம் 450, தடிமன் 25. கருமையான பின்புலமாயின் வெள்ளை அல்லது மஞ்சள், வெளிர்ந்த பின்புலமாயின் கறுப்பு. பிரிட்டனில் 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட இக்குறி, மிகைப்பாரத்தால் கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மாண்டதைத் தடுக்க எழுந்தது. ஒரு வட்டமும் ஒரு கோடும் இத்துணை உயிர்களைக் காத்திருக்கின்றன எனில், வடிவமைப்பைப் பொழுதுபோக்கென எண்ணுவோர் சற்றுச் சிந்தித்தல் நலம்.

'படிநிலை' என்றொரு சொல் உண்டு. பக்கத்தில் எது முதலில் கண்ணிற்பட வேண்டும், எது அடுத்து, எது இறுதியில் என்னும் வரிசையைக் குறிப்பது அது. மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் புறப்படும் டேங்கர் லாரிகளின் பின்புறப் பலகையைக் காண்க. பொருளின் பெயர், ஐ.நா. எண், தீங்கின் வகையைக் காட்டும் சாய்சதுரப் படக்குறி, அவசரத் தொலைபேசி எண் ஆகியன அதில் இருக்கும். 1203 எனில் பெட்ரோல். 1075 எனில் சமையல் எரிவாயு. 1005 எனில் அம்மோனியா. எழுத்தறியாதவருக்கும் அப்படக்குறி பேசும். 2023 டிசம்பர் 26 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இத்தகைய பகுதியில் வாழ்வோர்க்கு, எந்தச் செய்தி பெரிதாக, எந்த மொழியில், எந்த உயரத்தில் எழுதப்படுகிறது என்பது கலை பற்றிய வினா மட்டுமன்று.

இனி, கல்லூரி மாணவர்கள் கையாளும் மலர், துண்டறிக்கை, அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு வருவோம்.

ஈயம் தந்த சொற்கள்

எழுத்தின் அளவைப் 'பாயிண்ட்' என்று குறிக்கிறோம். ஓர் அங்குலத்தில் 72 பாயிண்ட். 12 பாயிண்ட் கொண்டது ஒரு பைக்கா. மாணவர் பலர் 12 பாயிண்ட் என்பது எழுத்தின் உயரம் என்று கருதுகின்றனர். அஃது எழுத்தின் உயரமன்று; அவ்வெழுத்தைத் தாங்கிய ஈயக் கட்டையின் உயரம். கட்டைக்குள் எழுத்து பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். ஆதலின் இரு வேறு எழுத்துருக்களில் 12 பாயிண்டில் அமைத்த ஒரே வரி, ஒன்றில் நெடிதாயும் மற்றொன்றில் குறுகியும் தோன்றும். எழுத்துருவின் பெயரைக் கூறாமல் பாயிண்டை மட்டும் எழுதிக் கொடுப்பது, துணியின் பெயரைக் கூறாமல் இத்தனை மீட்டர் என்று கேட்பது போன்றதே.

எழுத்தின் அளவு பொருட்செலவோடு பிணைந்தது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுப்பணியைத் தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் 1713 இல் வந்து சேர்ந்தன. அவை மிகவும் பருத்திருந்தன, தாளோ கிடைத்தற்கரியது. அவ்வெழுத்தில் முழுநூலை அச்சிடத் தாள் போதாது என்பதால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிக் கலங்களின் ஈய மூடிகளை அதற்காக உருக்கினர் என்று அச்சு வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பிற்காலத்தில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட், சிறியனவாயினும் தெளிவான தமிழ் எழுத்துகளை உருவாக்கிப் பெயர் பெற்றார். 1862 இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதி அவ்வச்சகத்தின் உழைப்பே. அத்துணைச் சொற்களையும் ஒரே நூலில் அடக்க எழுத்து சிறுக்க வேண்டியிருந்தது. சிறுத்தும் மங்காதிருக்க வேண்டியிருந்தது.

வரிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை 'லெடிங்' என்பர். கம்பாசிட்டர்கள் இரண்டு வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகினர்; ஈயத்தின் ஆங்கிலப் பெயரே அவ்விடைவெளிக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரி என்பது வழக்கமான கணக்கு. பல மென்பொருள்கள் தாமாகவே இந்த விகிதத்தைத்தான் இடுகின்றன. இங்கேதான் தமிழுக்கு இடர் தொடங்குகிறது. தமிழில் கி, கீ ஆகியவற்றின் விசிறி மேலே எழும்பும். மெய்யின் புள்ளியும் மேலே நிற்கும். ர, ற, ழ ஆகியவற்றின் கால் கீழே இறங்கும். து, நூ, று போன்றவற்றின் சுழியும் கீழே தொங்கும். மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் விசிறியும் ஒன்றையொன்று உரசினால் படிப்பவர் கண் தடுமாறும். 11 பாயிண்ட் தமிழுக்கு 15 பாயிண்ட் வரி தருவது எம் கருத்தில் வீண்செலவன்று. பக்கத்தைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைப்பது வரியிடைவெளியிலேயே. அவ்வாறு மிச்சம் பிடித்த தாளில் அச்சான கட்டுரையை முதியோர் ஒருவரும் படித்து முடிப்பதில்லை.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை 'மேல்பெட்டி' எழுத்து என்றும் சிறிய எழுத்தைக் 'கீழ்ப்பெட்டி' எழுத்து என்றும் வழங்குவர். கம்பாசிட்டரின் முன் சாய்ந்து நின்ற இரண்டு அறைப்பெட்டிகளே அப்பெயர்களின் மூலம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லை. தமிழ்க் கம்பாசிட்டருக்கு வேறு வகைத் தொல்லை. எழுத்துகள் 247 எனினும் அத்தனைக்கும் தனித்தனி அச்சு வேண்டியதில்லை. கா, கெ, கே, கை ஆகியவற்றில் குறி தனியே நிற்பதால் ஒரே குறி எல்லா மெய்க்கும் உதவும். ஆனால் உகர, ஊகார எழுத்துகள் மெய்யோடு ஒட்டி வேறு வேறு வடிவம் கொள்வன. பதினெட்டு மெய்க்கும் அவை முப்பத்தாறு. இவற்றின் மேல், ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன பழைய வடிவில் தனி உருவம் பெற்றிருந்தன. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தழுவி, 1978 இல் தமிழக அரசு அத்தகைய பதின்மூன்று எழுத்துகளின் வடிவை ஒழுங்குபடுத்திற்று. எழுத்துச் சீர்திருத்தம் என்றால் மொழியறிஞர் விவாதம் என்றே எண்ணுகிறோம். அறைப்பெட்டியில் எத்தனை அறை வேண்டும் என்பதும் அவ்விவாதத்தின் ஒரு பாதியாகும்.

அழுத்தம் காட்ட ஆங்கிலம் சாய்வெழுத்தைப் பயன்படுத்துகிறது. அது உரோமன் எழுத்துக்கு ஐந்நூறு ஆண்டு மரபு கொண்ட தனி வடிவம். தமிழில் அத்தகைய மரபு இல்லை. கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தித் தமிழைச் சாய்ப்பவர், நேராக நின்றவரைத் தள்ளிவிட்டது போலத்தான் செய்கிறார். தடித்த எழுத்தோ சற்றே பெரிய எழுத்தோ தமிழுக்குப் போதும்.

வரியின் இருமுனையையும் நேராக்குவதை 'ஜஸ்டிபை' என்பர். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. குறுகிய பத்தியில் இருமுனையும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். அச்சுத் தொழிலார் இதனை 'ஆறு' என்பர். பக்கத்தின் நடுவே வெள்ளை ஆறு ஓடுவது போன்ற தோற்றம். சொல்லை உடைக்கலாம், ஆயின் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் முதலில் வரலாகாது. கொம்பு ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியிலும் நிற்றல் அதனினும் கொடிது.

கல்லும் கையெழுத்தும்

அச்சு என்றால் ஈய எழுத்து மட்டுமன்று. 1796 அளவில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்ட கல்லச்சு முறை, எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையின் மீது எழுந்தது. எழுதுபவர் கையால் எழுதிய பக்கமே அச்சாகும். எழுத்தை வார்க்கவோ கோக்கவோ வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபுத்தமிழ் நூல்கள் பெருவாரியாகக் கல்லச்சில் வெளிவந்தமைக்கு இதுவே காரணம். தமிழ் ஒலிகளுக்கெனக் கூடுதல் குறிகளை ஏற்ற அரபு எழுத்துக்கு ஈய அச்சு செய்வது அரிது; கல்லுக்கோ எக்குறியும் ஒன்றே. அங்கே எழுதுபவரே வடிவமைப்பாளரும் ஆவார். வரியின் நீளம், ஓரக்கட்டு, தலைப்பின் பூவேலை அனைத்தும் ஒரே கையின் ஓட்டத்தில் அமைந்தன. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927 இல் தொடங்கப்பெற்ற 'முசல்மான்' உருது நாளிதழ், காதிபுகள் எனப்படும் எழுத்துக்கலைஞர் எழுதிய பக்கங்களைக் கொண்டே பல பதிற்றாண்டுகள் வெளிவந்ததும் இம்மரபின் தொடர்ச்சியே.

இன்றைய ஆஃப்செட் அச்சு அக்கல்லச்சின் வாரிசு. கல்லுக்கு மாற்றாக அலுமினியத் தகடு. தகட்டிலிருந்து இரப்பர் விரிப்புக்கு மாறி, அதிலிருந்து தாளுக்கு மாறுகிறது மை. நேரே பதியாமல் இவ்வாறு மாறிப் பதிவதாலேயே அப்பெயர்.

நிறமும் புள்ளியும்

திரை ஒளியால் நிறம் தருகிறது. தாள் மையால் நிறம் தருகிறது. திரையின் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் சேர்க்கை, அதனை ஆர்.ஜி.பி. என்பர். மூன்றும் கூடினால் வெண்மை. தாளின் நிறம் சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் சேர்க்கை, அது சி.எம்.ஒய்.கே. இறுதியில் நிற்கும் 'கே' கறுப்புத் தகட்டைக் குறிப்பது. மற்றத் தகடுகளைப் பொருத்திப் பார்ப்பதற்கு அதுவே திறவுகோல் என்பதால் அப்பெயர் பெற்றது. திரையில் ஒளிரும் நிறங்கள் எல்லாவற்றையும் மையால் தர இயலாது. இதில் முதலில் ஏமாற்றுவது பச்சை. நம் கல்லூரி மலர்களின் அட்டைக்குப் பச்சையை விரும்பாதார் இலர். திரையில் மரகதமாய் மின்னியது தாளில் மங்கிய இலைப்பச்சையாய் வரும்போது அச்சகத்தாரைக் கடிந்துகொள்வோரும் பலர். கோப்பைத் தொடக்கத்திலேயே சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றிப் பார்த்திருந்தால் அந்த மங்கலை முன்னரே கண்டிருக்கலாம்.

கட்டுரையின் கறுப்பு எழுத்து கறுப்பு மை ஒன்றினால் மட்டுமே அமைய வேண்டும். நான்கு மையும் சேர்ந்த கறுப்பாக அது இருக்குமாயின், தகடு மயிரிழை பிசகினாலும் எழுத்தைச் சுற்றி நிற நிழல் படியும். நான்கு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவதைப் 'பொருத்தம்' என்பது அச்சகத்தார் வழக்கு.

அச்சிட்ட புகைப்படத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் புள்ளிகளே தெரியும். அப்புள்ளிகள் ஓர் அங்குலத்தில் எத்தனை வரிசை என்பதே 'ஸ்கிரீன்'. நாளிதழ்த் தாளுக்கு 85 முதல் 100, வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 150 முதல் 175 எனக் கொள்வர். படத்தின் நுண்மை இதைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருக்க வேண்டும் என்பதாலேயே அங்குலத்துக்கு 300 படப்புள்ளி என்று கேட்கின்றனர். படப்புள்ளியைப் 'பிக்சல்' என்பர். கணக்கு மிக எளிது: 900 பிக்சல் அகலமுள்ள படம் 3 அங்குலத்துக்கே தாங்கும். வாழ்த்துரை வழங்கும் பெரியவர்களின் படங்கள் இந்நாளில் வாட்ஸ்அப் வழியாக வருகின்றன. வரும் வழியிலேயே அவை சுருங்கிவிடுகின்றன. கைப்பேசியில் பளிச்சென்று தெரிந்த முகம் முழுப்பக்கத்தில் கலங்கி நிற்கும். மூலப்படத்தை மின்னஞ்சலிலோ, சுருக்காத கோப்பாகவோ கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கல்லூரிச் சின்னம் போன்றவற்றைப் பிக்சலில் வைத்திருத்தல் தகாது. கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணித முறையில் வரைந்து வைப்பதை 'வெக்டர்' என்பர். அழைப்பிதழின் மூலையில் அரை அங்குலமாயினும், மைதானத்தில் இருபதடிப் பதாகையாயினும் அதன் கூர்மை குன்றாது.

தாள், வெட்டு, பாரம்

பாரிமுனையை அடுத்த ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகளும் அழைப்பிதழ்க் கடைகளும் நெருங்கியிருப்பதை நம்மவர் அறிவர். அங்கே சென்று நிற்பவர் காதில் முதலில் விழும் சொற்கள் டெம்மி, கிரவுன், ஏ4, ஜி.எஸ்.எம். என்பனவே. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. நூலின் உள்பக்கத்துக்கு 60 முதல் 80 வரை மேப்லித்தோ. அட்டைக்கு 250, 300. ஏ4 என்பது 210க்கு 297 மில்லிமீட்டர். இரண்டாக மடித்தாலும் அகல, உயர விகிதம் மாறாமை இவ்வரிசையின் சிறப்பு. டெம்மி 1/8 என்பது டெம்மித் தாளை எட்டாக்கிய அளவு. எட்டு இலை, பதினாறு பக்கம். அதுவே ஒரு பாரம்.

பாரத்தில் பக்கங்கள் 1, 2, 3 என்று வரிசையாக நிற்பதில்லை. ஒருபுறம் 1, 4, 5, 8, 9, 12, 13, 16, மறுபுறம் ஏனையவை. மடித்து வெட்டிய பின்னரே வரிசை கூடும். ஒன்றாம் பக்கத்தின் அருகே பதினாறாம் பக்கம் நிற்கும். மலர்க்குழுவினர் கடைசி நாளில் 'இன்னும் இரண்டே பக்கம்' சேர்க்கச் சொல்லும்போது அச்சகத்தார் முகம் வாடுவது இதனாலேதான். இரண்டு பக்கத்துக்காக ஒரு பாரமே குலையும். 96 பக்கம் எனில் ஆறு பாரம். 98 எனில் ஆறு பாரமும் ஒரு தொல்லையும்.

அச்சான தாளை வெட்டும் கத்தி ஒரு மில்லிமீட்டர் அங்கும் இங்கும் விலகும். எனவே ஓரம் வரை நிறம் பரவ வேண்டிய அட்டைக்கு வெட்டுக்கோட்டையும் தாண்டி 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி வைக்கின்றனர். இதன் பெயர் 'பிளீட்'. இதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் நிலைபெறவில்லை. 'வெட்டுமிகை' எனலாம் என்பது எம் கருத்து. அதுபோலவே எழுத்தும் முகமும் வெட்டுக்கோட்டிற்கு மிக அருகில் வரலாகாது. கட்டடம் செய்யும் பக்கம் உள்ளோரத்திற்கும் இடம் வேண்டும். தைத்த நூலை முதுகு ஒடிய விரித்தால்தான் வரியின் தொடக்கம் தெரியும் என்ற நிலையில் எத்தனையோ நல்ல ஆய்வுமலர்கள் நம் நூலகங்களில் உள்ளன.

எழுத்தும் எழுத்துருவும்

இக்கட்டுரையில் மாணவர்கள் மறவாது மனங்கொள்ள வேண்டிய பகுதி இதுவே. எழுத்து வேறு, எழுத்துரு வேறு. எழுத்து என்பது இன்ன ஒலிக்கு உரியது என்று கணிப்பொறி நினைவில் வைத்திருக்கும் எண். எழுத்துரு அதற்குத் திரையிலும் தாளிலும் உடுத்தும் உடை. 'கொ' என்பதை நாம் கொம்பு, ககரம், கால் என மூன்றாகக் காண்கிறோம். நினைவில் அது ககரமும் ஒகரக் குறியும் ஆகிய இரண்டே. வரிசையை மாற்றி வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை.

1985 இல் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்த பின்னர் ஈய அச்சு விரைந்து மறைந்தது, டி.டி.பி. நிலையங்கள் தெருவெங்கும் தோன்றின. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மீதே தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசை வகுத்துக்கொண்டது. அந்த எழுத்துரு இருக்கும் வரை பக்கம் தமிழாகத் தெரியும்; அது இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். ஏனெனில் கோப்பின் உள்ளே தமிழ் என்றுமே இருந்ததில்லை. உடை மட்டுமே தமிழ்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு பொதுவான விசைப்பலகையையும் குறியீட்டு முறைகளையும் வகுத்தது. 1991 முதலே யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தது. 2010 இல் தமிழக அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பக்க அமைப்பு மென்பொருள்கள் தமிழ் யூனிகோடைச் சரிவர ஏற்க நெடுங்காலம் ஆனதால் அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. இதன் விளைவை நம் துறைகளிலேயே காணலாம். ஈய அச்சில் வந்த 1960களின் மலரை இன்று எடுத்தாலும் படிக்கலாம். ஓலையிலிருந்து 1842 இல் அச்சேறிய சீறாப்புராணம் படிகள் தோறும் நம்மை வந்தடைந்தது. ஆனால் 1990களில் தட்டெழுதிய மலர்களின் கோப்புகள் குறுவட்டில் பத்திரமாக இருந்தும் படிக்கவியலாமற் கிடக்கின்றன. தாளில் எஞ்சிய படி செல்லரித்தால் அக்கட்டுரையும் அதனோடு முடிந்தது. பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. எந்த எழுத்துருவில் தட்டெழுதியது என்று தெரிந்தால் மீட்பு எளிது. அந்த எழுத்துருவின் பெயரையாவது மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் இன்று பெரும்பணி மிச்சமாகியிருக்கும்.

ஆகவே அச்சகத்தாரிடம் மலரை ஒப்படைக்கும்போது அச்சுக்குரிய பி.டி.எஃப். கோப்போடு, கட்டுரைகளின் யூனிகோடு மூலத்தையும் தனியே கேட்டு வாங்கித் துறை நூலகத்தில் வைத்தல் வேண்டும். பி.டி.எஃப். கோப்பில் எழுத்துருவையும் உள்ளடக்கம் செய்யச் சொல்ல வேண்டும். இறுதி மெய்ப்பைத் திரையில் பாராமல் தாளில் எடுத்து, அடிக்கோலால் ஓரங்களை அளந்து, எண்களையும் பெயர்களையும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் சரிபார்த்து, பிறகே கையொப்பம் இட வேண்டும். அக்கையொப்பத்தோடு தகடு ஏறிவிடும்.